முக்கோணத்துக்குள் குட்டைக் கோடுகள்

நிக்கோலாசா விவசாயக் கல்லூரிக்கு வந்தபோது அவள் கையில் ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. காவலாளி அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டான். மண்ணியல் துறை எங்கே என்று கேட்டுக் கேட்டு மாடியேறி வந்தவள், அங்கே பாடம் நடத்தும் எவேலியாவின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கருத்த முகம். சட்டையில் ஒரு பையனின் படம் அச்சடித்திருந்தது. படத்தின் கீழே பெயர்: எலியெல். அந்தச் சட்டையைப் பார்த்ததுமே, காணாமல்போன பிள்ளையைத் தேடுகிற தாய் என்று எவேலியாவுக்குப் புரிந்துவிட்டது. மெக்சிகோவின் குவாசாவே பக்கம் அது புரியாதவர்கள் யாரும் கிடையாது.

"டீச்சர், நாங்க கம்பியைக் குத்தி இழுத்து, முனையை மோந்து பாத்துத்தான் தேடுவோம். ஆள் கீழ இருந்தா கம்பி சொல்லிடும். ஆனா இப்ப ஒரு வயல் கெடச்சிருக்கு. கால்வாய்க் கரையில. அங்க எங்க குத்துனாலும் நாறுது. எறால் பண்ணைக் கழிவெல்லாம் அந்தப் பக்கந்தான் ஊறுது. மூக்கு உதவல. வயலோ கண்ணுக்கெட்டுற தூரம் கெடக்கு. நாங்க பதினோரு பொம்பளைங்க. தோண்டி மாளாது."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

நிக்கோலாசா, சின்னப் பிள்ளை ஏதோ உளறியதைக் கேட்டதுபோல ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

எவேலியா பயந்த சுபாவக்காரி. நாற்பத்து மூன்று வயது. மணமுறிவுக்குப் பிறகு தனியாக இருக்கிறாள். வகுப்பு, ஆய்வுக்கூடம், ஞாயிற்றுக்கிழமை தம்பி ரோசெந்தோ வீட்டில் சாப்பாடு. இவ்வளவுதான் அவள் வாழ்க்கை. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவள் படித்த படிப்பு முந்திக்கொண்டது.

"அந்தக் கால்வாய்ப் பக்கமெல்லாம் ஆத்து மண்ணு. மேல வண்டலும் மணலும் கலந்து லேசா இருக்கும். இடுப்பளவு கீழ போனா கெட்டிக் களி. ஆறு அடுக்கி வெச்ச அடுக்கு அது, உழவு அவ்வளவு ஆழம் போகாது. யாராவது குழி வெட்டி மூடியிருந்தா மேல் மண்ணும் கீழ் மண்ணும் கலந்துபோயிருக்கும். திரும்பப் பிரியாது."

"அதை நீங்க கண்டுபிடிப்பீங்களா?"

"ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு பிடி மண்ணு வேணும். உழவுக்குக் கீழ ஒண்ணு, இடுப்பாழத்துல ஒண்ணு. ரெண்டும் வேற வேறயா இருந்தா நல்ல நிலம். ஒரே மாதிரி இருந்தா..."

"ஒரே மாதிரி இருந்தா தோண்டணும்," என்றாள் நிக்கோலாசா.

அப்படித்தான் அது தொடங்கியது. கல்லூரியில் இருந்த பழைய மண் துளைக்கும் திருகுகள் இரண்டை எவேலியா யாருக்கும் சொல்லாமல் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். சனிக்கிழமை காலைகளில் அந்தப் பெண்கள் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக வயலில் இறங்கினார்கள். ஒருத்தி திருகினாள், ஒருத்தி பையைப் பிடித்தாள், ஒருத்தி எண் எழுதினாள். கூட்டத்தில் பிரிஸ்கா என்று ஒருத்தி இருந்தாள். தம்பியைத் தேடுகிறவள். குண்டாக இருப்பாள், வாய் ஓயாது.

"டீச்சர், என் புருஷன் மண்டையிலயும் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்களேன். மேலயும் களி, கீழயும் களி. அடுக்கே கெடையாது."

"உன் புருஷனைத் தோண்டினா நீதான்டி கெடப்பே, வாய மூடாம," என்றாள் நிக்கோலாசா.

சிரித்துக்கொண்டே திருகினார்கள். மத்தியானம் பிக்கப் வண்டியின் பின்பலகையை இறக்கி, சோள ரொட்டியில் மாச்சாக்கா என்ற உலர்ந்த மாட்டிறைச்சிப் பொரியலைச் சுற்றித் தின்றார்கள். இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்களுக்குச் சிரிப்பு வருமா என்று எவேலியாவுக்கு முதல் நாள் ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை அவளும் சிரித்தாள்.

மண்ணைப் பிரிப்பது பெண்களின் சமையலறைகளில் நடந்தது. காலியான மயோனைஸ் பாட்டில்களில் மண்ணைப் போட்டு, தண்ணீரும் சோப்புத் தூளும் சேர்த்துக் குலுக்கி, அலமாரியில் வரிசையாக வைத்தார்கள். மணல் உடனே அடியில் உட்காரும். அதன் மேல் மெல்ல வண்டல். களி கடைசியாக, ஒன்றிரண்டு நாள் கழித்து. மூன்று பட்டைகளையும் அளவுகோல் வைத்து அளந்து எவேலியாவுக்கு அனுப்பினார்கள். சந்தேகமானதை மட்டும் அவள் ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்து பார்த்தாள்.

எண்கள் எல்லாம் சேர்ந்ததும், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தாள். மாணவர்களுக்கு அவள் வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பதுதான். ஒரு பிடி மண்ணில் மணல், வண்டல், களி மூன்றும் சேர்ந்து நூறு. ஒன்று கூடினால் மற்றவை குறைந்தே ஆகவேண்டும். ஆகவே மூன்று எண்களையும் ஒரு முக்கோணத்துக்குள் ஒரே புள்ளியாக வைத்துவிடலாம். உச்சியில் களி, இடது முனையில் மணல், வலது முனையில் வண்டல். எந்த முனையை நெருங்குகிறதோ அதுதான் அந்த மண்ணில் அதிகம்.

முதலில் மேல் மண்ணை வெள்ளை வட்டமாகவும் கீழ் மண்ணைக் கறுப்பு வட்டமாகவும் போட்டாள். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு புள்ளிக் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஈ மொய்த்ததுபோல் கிடந்தன. கால்வாயை ஒட்டி மணல் அதிகம், தள்ளிப்போனால் களி அதிகம். அந்த வித்தியாசமே எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த நிக்கோலாசா திரையைப் பார்த்து, "இதுக்கா ஒன்றரை மாசம் பாட்டில் கழுவினோம்?" என்றாள்.

"இருங்க. ஜோடி சேக்கணும்."

இன்னும் ஒரு வரி கட்டளை எழுதினாள். ஒவ்வொரு குழியின் வெள்ளை வட்டத்தையும் அதே குழியின் கறுப்பு வட்டத்தோடு ஒரு கோடு இணைத்தது. திரை முழுக்கக் கோடுகள். எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், எல்லாம் களி முனையைப் பார்த்து மேல்நோக்கி, காற்றில் சாய்ந்த கோரைபோல. அவற்றுக்கு நடுவே நாலே நாலு மட்டும் குட்டையாக இருந்தன. இரண்டு வட்டமும் ஒட்டிக்கொண்டு, கோடு இருப்பதே தெரியாமல்.

நிக்கோலாசாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரலால் அந்த நாலையும் தொட்டாள். "எண் சொல்லுங்க," என்றாள்.

முதல் இடத்தில் பழைய பாசனக் குழாய்தான் கிடைத்தது. பிரிஸ்கா குழாயின் மேல் உட்கார்ந்து, "யாரும்மா பெத்த பிள்ளை, இப்படி நீளமா வளந்திருக்கு," என்றாள். இரண்டாவது இடத்தில் சிரிப்பு நின்றது. மண்வெட்டியில் முதலில் ஒரு பூட்ஸ் வந்தது. பாம்புத்தோல் பூட்ஸ், குதிகாலில் வேறு நிறத் தோலால் ஒட்டுப் போட்டது. பிரிஸ்கா அதைக் கையில் வாங்கி மண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "இந்த ஒட்டு நான் போட்டது," என்றாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி.

இரண்டாவது, மூன்றாவது இடங்களில் மொத்தம் மூன்று பேர் கிடைத்தார்கள். எலியெல் இல்லை. நாலாவது குழி வெறுமையாக இருந்தது. நிக்கோலாசா அதன் விளிம்பில் நின்று, "கால்வாய்க் கரைனு சொன்னானே. பெரிய மெஸ்கிட் மரத்துக்குப் பக்கத்துலனு சொன்னானே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சிறையிலிருந்து யாரோ ஒருவன் அவளுக்குச் சொல்லியனுப்பிய தகவல் அது.

எலும்புகளை எடுத்துப்போன அரசாங்க ஆட்கள் எவேலியாவிடம் ஒன்று கேட்டார்கள். யாருமே தோண்டாத நிலத்தில் கோடு எவ்வளவு நீளம் இருக்கும் என்று காட்டினால்தான் இந்த முறையை ஒப்புக்கொள்ள முடியும். நியாயமான கேள்வி. அதே ஆத்து மண், யாரும் கை வைக்காத நிலம் எங்கே என்று எவேலியா யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கால்வாயின் எதிர்க்கரையில் அவளுடைய அப்பாவின் நிலம் இருந்தது. இப்போது ரோசெந்தோ பார்த்துக்கொள்கிறான். அந்தக் கோடியை இரண்டு வருஷமாகத் தரிசாகப் போட்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது ரோசெந்தோ டிராக்டர் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். அவன் மனைவி மாரிசெலா பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தாள். "வெயில்ல எதுக்கு அண்ணி இந்த வேலை? இந்தாங்க, இவர் தொப்பியையாவது போட்டுக்குங்க," என்று ஓலைத் தொப்பியைக் கொடுத்தாள். எவேலியா தனியாகத் திருகைப் போட்டு, நிலம் முழுக்க அங்கங்கே மண் எடுத்தாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஆய்வுக்கூடத்தில் தானே பிரித்து, தானே அளந்து, முக்கோணத்தில் ஏற்றினாள். கோடுகள் அழகாக மேல்நோக்கிச் சாய்ந்தன. ஒன்றைத் தவிர.

பையின் எண் சீட்டு மாறியிருக்கும் என்று நினைத்தாள். மிச்ச மண்ணை எடுத்துத் திரும்பக் கரைத்தாள். அதே எண்கள்தான் வந்தன. வெள்ளை வட்டமும் கறுப்பு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அந்த இடம் எது என்று அவளுக்கு வரைபடம் பார்க்காமலே தெரியும். கால்வாயை ஒட்டிய கோடி. அங்கே ஒரு மெஸ்கிட் மரம் உண்டு. சின்ன வயதில் அவளும் ரோசெந்தோவும் அதன் கிளையில் டயர் கட்டி ஆடியிருக்கிறார்கள்.

அவள் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். ரோசெந்தோ கொட்டகையில் ஏதோ நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"மெஸ்கிட் மரத்தடியில நீ ஏதாவது வெட்டினியா?"

அவன் கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"செத்த மாட்டைப் பொதச்சேன்க்கா."

"எந்த மாடு?"

"ஒரு மாடு."

"ரோசெந்தோ. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் பார்த்தான். நாற்பது வயது ஆம்பிளை, வேர்த்து வழிந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி வந்த அன்றைக்கு நின்றதுபோலவே நின்றான்.

"துப்பாக்கியோட வண்டில வந்தாங்கக்கா. கேட் சாவி குடுன்னாங்க. உள்ள போயி டிவிய சத்தமா வெச்சுக்கோ, பிள்ளைங்கள ஜன்னல் பக்கம் விடாதேன்னாங்க. வெச்சேன். போகும்போது சாவியக் கையில குடுத்து, நன்றி சொல்லிட்டுப் போனாங்க. நன்றி சொன்னாங்கக்கா."

"யாரைப் பொதச்சாங்க?"

"நான் பாக்கல. சத்தியமா பாக்கல. அதுக்கப்புறம் அந்தக் கோடிப் பக்கமே போகல. நான் என்ன பண்ணியிருக்கணும்? நீயே சொல்லு."

அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் டிவியைச் சத்தமாக வைத்திருப்பாள் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"அந்தப் பொம்பளைங்ககிட்டச் சொல்லாதே. தோண்டினா அந்த வண்டிக்காரங்க நான்தான் காட்டிக் குடுத்தேன்னு நினைப்பாங்க. கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துச்சுன்னா எவன் நம்புவான்? மாரிசெலா இருக்கா, பிள்ளைங்க இருக்கு. அக்கா, உனக்கு ஒரே ஒரு புள்ளி. எடுத்துப் போட்டா போச்சு."

வீட்டுக்கு வந்து அவள் அதைத்தான் செய்தாள். அந்த ஒரு இடத்தின் எண்கள் இருந்த வரியை நீக்கிவிட்டு முக்கோணத்தை மறுபடி வரைந்தாள். மாசு மருவில்லாத படம் வந்தது. எல்லாக் கோடுகளும் ஒரே சாய்வு, ஒரே நீளம். பாடப்புத்தகத்தில் போடலாம் போலிருந்தது. அதை அப்படியே அனுப்பிவிட்டால் ஒரு கேள்வி வராது. காப்பியைப் போட்டுக்கொண்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆறும் வரை குடிக்கவில்லை. நிக்கோலாசாவின் சட்டையிலிருந்த பையனுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் கோணல் சிரிப்பு. அது ஞாபகத்துக்கு வந்தது. அவள் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தாள்.

ஆனால் உடனே சொல்லவில்லை. முதலில் தம்பியிடம் போய், வடக்கே தூரத்திலுள்ள மெக்சிகாலி நகரத்தில் மாரிசெலாவின் மாமா வீட்டுக்குப் போய்விடச் சொன்னாள். அவன் கத்தினான், அழுதான், கடைசியில் ஒரு பையோடு பஸ் ஏறினான். மனைவி பிள்ளைகளைப் பிறகு அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவன் செய்தி அனுப்பிய பிறகுதான் எவேலியா நிக்கோலாசாவின் வீட்டுக்குப் போனாள்.

நிக்கோலாசா முழுவதையும் கேட்டாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள் கடைசியில். முதல் தடவையாக அவள் டீச்சர் என்று சொல்லவில்லை, நீங்க என்றும் சொல்லவில்லை.

"போன வாரம்."

"ஒரு வாரம்."

"அவன் என் தம்பி."

"தெரியுது. உன் தம்பி பத்திரமா பஸ் ஏறுற வரைக்கும் என் பிள்ளை மண்ணுக்குள்ள கெடக்கலாம். ரெண்டு வருஷம் கெடந்தவன், இன்னும் ஒரு வாரம் கெடந்தா என்ன ஆயிடும்?"

"அது எலியெல்லான்னு நமக்குத் தெரியாதே."

"உனக்குத் தெரியாது."

மறுநாள் காலையில் தோண்டினார்கள். எவேலியாவும் போனாள்; யாரும் வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மாரிசெலா பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆழம் அதிகமில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு வந்தது, அதற்குள் அவன் இருந்தான். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டது. நிக்கோலாசா குழிக்குள் இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, மண்ணோடு மண்ணாக அவன் தலைமாட்டில் கையை வைத்துக்கொண்டாள். அதிகாரிகள் வந்து எழுந்திருக்கச் சொன்னபோது, "இருங்க, இப்பத்தானே வந்தேன்," என்றாள்.

சிறையிலிருந்தவன் பொய் சொல்லவில்லை. கால்வாய்க் கரை, மெஸ்கிட் மரம், எல்லாம் சரிதான். கரைதான் மாறிப்போயிருந்தது.

அடக்கத்துக்கு எவேலியா கல்லறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாள்.

ரோசெந்தோ தினமும் காலையில் மாரிசெலாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பொட்டலம் கட்டும் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது, ரூம் பார்க்கிறேன் என்றான். எவேலியாவிடம் ஒரே ஒரு தடவை பேசினான். "யாராவது வந்து கேட்டாங்களாக்கா?" என்று கேட்டான். யாரும் வரவில்லை என்றாள். நிஜமாகவே யாரும் வரவில்லை. அதுவே அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவன் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. மாமா வீட்டில் கேட்டால், வேலைக்குக் கிளம்பியவன் வேலைக்குப் போய்ச் சேரவில்லை என்றார்கள். பஸ் நிறுத்தத்துப் பக்கம் ஒரு வெள்ளை வண்டி நின்றதாக யாரோ சொன்னார்கள், இல்லை என்றும் சொன்னார்கள்.

மாரிசெலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கே வந்தாள். மாணவர்கள் நிறைந்த நடைபாதையில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அவர் தொப்பியப் போட்டுக்கிட்டுத்தானே அண்ணி அன்னிக்கு மண் எடுத்தீங்க. நானே எடுத்துக் குடுத்தேன். என் கையால." அவ்வளவுதான். எவேலியாவின் பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

கல்லூரி முதல்வர் எவேலியாவை அழைத்து, கொஞ்ச நாள் விடுப்பில் போகச் சொன்னார். மண் திருகுகளைப் பற்றியும் கேட்டார். அவள் மெக்சிகாலிக்குப் போய், புகார் கொடுக்கிற இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். "வயசு வந்த ஆள், தானா வந்துடுவாரு, வேற குடும்பம் இருக்கும்," என்றார்கள். நிக்கோலாசாவிடம் தான் முதல் நாள் போலீஸ் பற்றிக் கேட்ட கேள்வியை நினைத்து அவளுக்குக் கூசியது.

போக அவளுக்கு வேறு இடம் இருக்கவில்லை. ஒரு சாயங்காலம் நிக்கோலாசாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். நிக்கோலாசா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தும் பார்க்காததுபோல இரண்டு போர்வையையும் உதறிக் கொடியில் போட்டு முடித்தாள். ஊரில் எல்லோருக்கும் செய்தி தெரியும். அவளுக்குத் தெரியாமலிருக்குமா.

"எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு."

நிக்கோலாசா வேலிக் கதவின் கொக்கியைத் தூக்கினாள். உள்ளே சமையலறை மேஜையில் உட்காரவைத்து, முன்னால் தண்ணீர் வைத்தாள். தானும் உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டேன் என்றோ இல்லை என்றோ அவள் சொல்லவில்லை. அந்தப் பேச்சே வரவில்லை.

"கடைசியா என்ன சட்டை போட்டிருந்தான்?"

எவேலியா யோசித்தாள். "தெரியாது," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அதுவரை வரவில்லை.

அவள் அழுது முடிக்கும் வரை நிக்கோலாசா காத்திருந்தாள். இப்படி அழுகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து பழகியவள் அவள்.

"அவன் பொண்டாட்டிகிட்டக் கேளு. பல்லு, தழும்பு, எலும்பு முறிஞ்சது ஏதாவது உண்டா, அதையும் கேளு. அவ பேசமாட்டா. போய் நின்னு கேளு. திரும்பத் திரும்பப் போய் நில்லு."

"சரி."

"வடக்கயும் நம்மள மாதிரி தேடுற பொம்பளைங்க இருக்காங்க. மெக்சிகாலி மண்ணு எப்படி, பாலைவன மண்ணா?"

"மணல்தான் அதிகம். பல எடத்துல அடுக்கு இருக்காது," என்றாள் எவேலியா. "அங்க இந்த முறை வேலை செய்யாது."

"அப்ப கம்பியாலதான் பாக்கணும்," என்றாள் நிக்கோலாசா. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.